பலூனில் தொடங்கிய டயர் கம்பெனி: யார் இந்த மம்மன் மாப்பிள்ளை? கார் டயர் ஏன் சீக்கிரம் தேயுது?

தாம்பரத்தில் இருந்து முடிச்சூர், மணிமங்கலம் வழியா ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தினமும் வேலைக்குப் போறவங்க ஏராளம். கார் ஆலைகள், உதிரிபாக ஆலைகள் மட்டுமில்ல, டயர் ஆலைகளும் இந்தப் பகுதியில் இருக்கு. ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே. டயர்.

ஆனா சென்னையின் டயர் கதையில் முக்கியமான ஒரு அத்தியாயம் நகரத்தின் இன்னொரு மூலையில், திருவொற்றியூரில் ஒரு சின்ன ஷெட்டில் ஆரம்பிச்சது. அங்கே முதலில் தயாரானது டயர் இல்லை, குழந்தைகள் ஊதுற பலூன்!

யார் இவர்?

கே.எம்.மம்மன் மாப்பிள்ளை 1922-ம் ஆண்டு நவம்பர் 28-ல் கேரளாவில் பிறந்தவர். அப்பா கே.சி.மம்மன் மாப்பிள்ளை, மலையாள மனோரமா பத்திரிகையின் ஆசிரியர். வங்கி, பத்திரிகை என வசதியா வாழ்ந்த குடும்பம்.

1938-ல் எல்லாமே தலைகீழானது. திருவிதாங்கூர் திவான் சர் சி.பி.ராமசாமி ஐயருடன் மோதல் முற்றியது. குடும்பம் நடத்திய திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி சரிந்தது. பத்திரிகை மூடப்பட்டது. அப்பா சிறைக்குப் போனார். மனோரமா மறுபடி வெளிவர 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மகன் படித்தது தாம்பரத்தில் இருக்கும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில். அதாவது, மணிமங்கலத்தில் இருந்து கொஞ்ச தூரம்தான். படிப்பு முடிந்தபோது கையில் பெரிய முதல் கிடையாது. குடும்பத்தின் பெயரைச் சொல்லிக் கடன் கேட்கவும் வழியில்லாத காலம் அது.

பலூனில் இருந்து ரப்பர்

1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் தயாரிக்கத் தொடங்கினார். பெரிய இயந்திரம் எதுவும் இல்லை. மனைவி குஞ்ஞம்மாவும் வேலையில் கூட நின்றார். தயாரான பலூனை அவரே பையில் எடுத்துக்கொண்டு போய்க் கடை கடையாக விற்றார். 1949-ல் தம்புச்செட்டித் தெருவில் ஒரு அலுவலகம் வந்தது.

திருப்பம் வந்தது 1952-ல். லாரி டயரின் மேல்பகுதி தேய்ந்தாலும் உள்கூடு நல்லாவே இருக்கும். தேய்ந்ததைச் சுரண்டி எடுத்துட்டு, மேலே புது ரப்பர் பட்டை வைத்து, சூட்டில் ஒட்ட வைப்பாங்க. இதுதான் ரீட்ரெடிங். அந்தப் பட்டைக்குப் பேர் ட்ரெட் ரப்பர். அப்போ அதன் சந்தை வெளிநாட்டு கம்பெனிகளின் கையில் இருந்தது.

நல்லா ஓடிக்கிட்டிருந்த பலூன் தொழிலில் சம்பாதித்ததை எல்லாம் அவர் இதில் இறக்கினார். தோற்றிருந்தா இரண்டாவது முறையும் பூஜ்யத்தில் இருந்துதான் தொடங்கணும். ஆனா சில வருடங்களிலேயே சந்தையில் சுமார் பாதி அவர் கைக்கு வந்தது.

அமெரிக்க டயர், இந்திய ரோடு

அடுத்தது டயர். அமெரிக்காவின் மான்ஸ்ஃபீல்டு நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் திருவொற்றியூரில் இருந்து முதல் டயர் வெளிவந்தது. ஆனா ஒரு சிக்கல். அமெரிக்க ரோட்டுக்காக உருவான அந்தத் தொழில்நுட்பம் நம்ம ஊர் ரோட்டுக்கும், வெயிலுக்கும், லாரிகளின் ஓவர்லோடுக்கும் சரியா ஒத்துவரவில்லை.

வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தை மட்டும் நம்பாமல் சொந்த ஆராய்ச்சியில் இறங்கினார். 1963-ல் ரப்பர் ஆராய்ச்சி மையத்துக்கு அடிக்கல் நாட்டியவர் பிரதமர் நேரு. 1964-ல் டயரைத் தூக்கி நிற்கும் 'மசில்மேன்' வந்தார். விளம்பர நிபுணர் அலிக் பதம்சி லாரி டிரைவர்களிடம் பேசிப் பார்த்து உருவாக்கிய சின்னம் அது. டயர்னா பலமா இருக்கணும் என்பதுதான் டிரைவர்களின் எதிர்பார்ப்பு.

1967-ல் அமெரிக்காவுக்கே டயர் ஏற்றுமதி ஆனது. 1979-ல் மான்ஸ்ஃபீல்டு உறவு முடிந்து, மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி வெறும் எம்.ஆர்.எஃப் ஆனது. பத்மஸ்ரீ விருது பெற்ற மம்மன் மாப்பிள்ளை, 2003 மார்ச் 3-ல் தனது 80-வது வயதில் காலமானார்.

சரி, உங்க டயர் எவ்வளவு நாள் வரும்?

அவர் அன்னைக்குச் சந்தித்த அதே விஷயங்கள்தான் இன்னைக்கும் டயரைத் தேய்க்குது: சூடு, பாரம், ரோடு. பனிக்கு ஒரு டயர், வெயிலுக்கு ஒரு டயர்னு நாம மாத்துறதில்ல. வருஷம் முழுக்க ஒரே செட்தான். பொதுவா கார் டயர் 40,000 முதல் 50,000 கி.மீ. வரை வரும். அதைக் கூட்டுறதும் குறைக்கிறதும் பெரும்பாலும் நம்ம கையில்தான்:

* காற்று: குறைவா இருந்தா டயரின் இரண்டு ஓரமும் தேயும், சூடும் ஏறும். அதிகமா இருந்தா நடுப்பகுதி தேயும். மாதம் ஒருமுறையாவது, டயர் சூடாகும் முன் செக் பண்ணுங்க. சரியான அளவு டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும்.
* அலைன்மென்ட்: ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தா, வீல் அலைன்மென்ட் பார்க்கணும்னு அர்த்தம். பள்ளத்தில் பலமா இறங்கின பிறகும் பார்ப்பது நல்லது.
* இடமாற்றம்: முன்சக்கரம் இழுக்கும் கார்களில் முன் டயர்தான் சீக்கிரம் தேயும். 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை முன்னும் பின்னும் மாத்துங்க.
* ஓட்டும் விதம்: திடீர் பிரேக், வேகமான திருப்பம், ஓவர்லோடு மூணுமே ஆயுளைக் குறைக்கும்.
* வயசு: ஓடாமல் நின்னாலும் ரப்பர் கெட்டியாகி வெடிப்பு விடும். டயர் பக்கவாட்டில் 2321 என இருந்தா, 2021-ன் 23-வது வாரம் தயாரானது. 5 வருஷம் தாண்டினா வருடத்துக்கு ஒருமுறை கடையில் காட்டுங்க.

எப்போ கட்டாயம் மாத்தணும்?

ட்ரெட் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது என்பது கார்களுக்கான விதி. அளக்கக் கருவி வேண்டாம். ட்ரெட் பள்ளத்துக்குள் சின்னதா ஒரு ரப்பர் மேடு இருக்கும். டயர் தேய்ந்து அதோட சமமா வந்துட்டா மாத்திடணும்.

லாரி டயர் மாதிரி ரீட்ரெட் பண்ணி ஓட்டிக்கலாம்னு கார் டயருக்கு நினைக்காதீங்க. பள்ளத்தின் வேலையே மழைத் தண்ணியை வெளியே தள்ளுறது. அது இல்லைன்னா டயர் தண்ணி மேல மிதக்கும், பிரேக்கும் ஸ்டியரிங்கும் கேட்காது. அதனால ஐப்பசி மழை தொடங்கும் முன் நாலு டயரையும், ஸ்டெப்னியையும் ஒரு தடவை பார்த்துடுங்க.