ஊர் சுற்றியவர் கட்டிய முற்றம்

திருகோணமலை நகருக்கு வடக்கே, சாம்பல்தீவை அடுத்துள்ள கடற்கரைக் கிராமம் சல்லி. போரும் 2004 டிசம்பர் ஆழிப்பேரலையும் அடுத்தடுத்துத் தாக்கிய கிழக்குக் கரையோரத்தில், தமிழரும் முஸ்லிம்களும் தம் வீடுகளை மீண்டும் மீண்டும் கட்ட நேர்ந்தது. இவ்வீடுகளிற் பலவற்றின் அத்திவாரத்தில் வளைகுடா நாடுகளிலும் ஐரோப்பாவிலும் சிந்திய வியர்வை கலந்திருக்கிறது. பணத்தோடு அந்நாட்டு வீட்டின் தோற்றமும் வந்து சேர்கிறது. திண்ணை மறைந்து, முற்றம் மூடப்பட்டு, தட்டையான கொங்கிறீற்றுக் கூரை எழுகிறது. உச்சி வெயிலில் அவ்வீட்டினுள் இருக்க இயலாது வேப்பமர நிழலைத் தேடுகின்றோம். வெளிநாட்டில் வாழ்ந்து நாம் கற்றது என்ன என்ற வினா இவ்விடத்தில் எழுகின்றது. அதற்கு விடையாக அமைந்தது கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் வாழ்வு.

1919 ஜூலை 23 இல் கொழும்பில் பிறந்தவர் பாவா. தந்தை வழிப் பாட்டனார் ஒரு முஸ்லிம். தாயார் பறங்கியர் குலத்தவர். பல இனங்களின் குருதி கலந்த குடும்பம் அது. 1938 இல் கேம்பிரிட்ஜ் சென்று ஆங்கில இலக்கியம் பயின்ற அவர், பின்னர் இலண்டனில் சட்டம் கற்றார். நாடு திரும்பிச் சிறிது காலம் சட்டத்தரணியாகப் பணியாற்றினாலும் மனம் அதில் ஒட்டவில்லை. தாயாரின் மறைவுக்குப் பின் 1946 இல் புறப்பட்டுக் கிழக்காசியா, அமெரிக்கா, ஐரோப்பா எனச் சுற்றினார். இத்தாலியின் தோட்டங்கள் அவரை ஈர்த்தன. அங்கேயே குடியேறவும் எண்ணினார், அது கைகூடவில்லை.

1948 இல் திரும்பி வந்து, பெந்தோட்டைக்கு அருகில் லுணுகங்கை என்ற இறப்பர்த் தோட்டத்தை வாங்கினார். இத்தாலியத் தோட்டத்தை இலங்கையில் உருவாக்குவதே அவர் கனவு. ஆனால் இங்குள்ள மழையும் மண்ணும் மரமும் வேறு. கனவுக்கும் நிலத்துக்கும் இடையிலான அந்த இடைவெளியே தமக்குக் கட்டடக்கலை அறிவு போதாது என்பதை அவருக்கு உணர்த்தியது. மீண்டும் இலண்டன் சென்று மாணவரானார். 1957 இல் கட்டடக் கலைஞராகத் தகுதி பெற்றபோது அவருக்கு வயது 38.

அதன்பின் அவர் செய்ததே நம் கவனத்துக்குரியது. கண்ட நாடுகளின் கட்டடங்களை அவர் பிரதி செய்யவில்லை. வெளியே நின்று பார்க்கப் பழகிய கண்ணால் சொந்த நாட்டைப் பார்த்தார். உள்முற்றம், ஆழ்ந்த விறாந்தை, நீண்டு தாழ்ந்த ஓட்டுக்கூரை ஆகியவை பழமையின் எச்சங்களல்ல. வெப்பத்துக்கும் மழைக்கும் முன்னோர் கண்ட தீர்வுகள் என்பதை அறிந்தார். 1960 களின் தொடக்கத்தில் கொழும்பில் எனா டி சில்வாவுக்காக அவர் கட்டிய இல்லம் நடுமுற்றத்தைச் சூழ்ந்து அமைந்தது. நாற்சார் வீட்டை அறிந்த யாழ்ப்பாணத்தவருக்கும், உள்முற்றம் வைத்த முஸ்லிம் இல்லங்களை அறிந்தவர்களுக்கும் அது அந்நியமாகத் தோன்றாது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதி முடங்கியபோது உள்ளூர்ப் பொருள்களையும் கைவினைஞர்களையும் நாடினார். நெளிவுத் தகட்டின்மேல் நாட்டோடு பரப்பும் அவர் முறை ஒழுக்கைத் தடுத்ததோடு வீட்டையும் குளிர்வித்தது.

தனித்து நின்று அவர் இவற்றைச் சாதிக்கவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த உல்ரிக் பிளெஸ்னர் தொடக்க காலத்தில் உடன் உழைத்தார். தமிழரான பொறியியலாளர் பூலோகசுந்தரம் பல்லாண்டு பங்காளராக விளங்கினார். தமிழகத்தில் மதுரையிலும் சென்னையிலும் பாவாவின் பணிகள் உண்டு. 1982 இல் கோட்டேயில் நீர் சூழத் திறக்கப்பட்ட நாடாளுமன்றம் அவருடைய பெரும் படைப்பு. பல மரபுகளை ஒரே கூரையின்கீழ் இசைய வைக்க அக்கலைஞரால் முடிந்தது. அடுத்த ஆண்டே ஜூலையில் இந்நாடு எரிந்தது. கட்டடம் கற்ற பாடத்தை ஆட்சி கற்கவில்லை என்பது நம் துயரம்.

2001 இல் ஆகா கான் கட்டடக்கலை விருதின் தலைவர் விருது அவருக்குக் கிடைத்தது. 2003 மே 27 இல் அவர் மறைந்தார்.

பாவா செல்வந்தர், விரும்பிப் பயணம் போனவர். நம்மவரிற் பலரோ வறுமையாலும் போராலும் துரத்தப்பட்டுப் போனவர்கள். இவ்வேறுபாட்டை நாம் மறக்கலாகாது. எனினும் பிற நாட்டைக் கண்ட கண் இருவருக்கும் பொது. சல்லிக் கரையில் நாளை வீடு கட்ட முனைபவர் அங்கு கண்ட சுவரை இங்கு எழுப்புமுன், சோளகக் காற்று எத்திசையில் வீசுகிறது என்று ஒரு கணம் நின்று பார்ப்பாராக. தாத்தா விட்டுச்சென்ற முற்றத்துக்கு அவர் வீட்டிலும் இடமிருக்கும்.