வேகசாமிக்குப் படைத்த பிஸ்டன்கள்

1920-ஆம் வருஷம். நியூசிலாந்தின் தெற்கு மூலையில் இன்வர்கார்கில் என்ற ஊரில் ஒரு இளைஞர் ஒரு பைக் வாங்குகிறார். வயசு 21. அதாவது ஃபைனல் இயரில் உட்கார்ந்திருக்கும் நம்ம வயசு. பைக்கின் பெயர் இந்தியன் ஸ்கவுட். பேரைப் பார்த்து ஏமாந்துடாதீங்க, நம்ம நாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த இந்தியன் கம்பெனி செய்த வண்டி. சுமார் 600 சி.சி., இரண்டு சிலிண்டர், வி-ட்வின் இன்ஜின். முழுசா முறுக்கினால் மணிக்கு 89 கிலோமீட்டர் போகும்.

இப்போ 1967-க்கு வாங்க. அதே பைக், அதே ஆள். ஆளுக்கு 68 வயசு, பைக்குக்கு 47. இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து உப்பு நிலம். வேகம் மணிக்கு 296 கிலோமீட்டர். 1000 சி.சி.க்குக் கீழே உள்ள பைக்குகளுக்கான பிரிவில் உலக சாதனை.

இந்த இரண்டு வருஷங்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதுதான் பர்ட் மன்ரோவின் வாழ்க்கை.

முழுப் பெயர் ஹெர்பர்ட் ஜேம்ஸ் மன்ரோ. 1899 மார்ச் 25-ஆம் தேதி பிறந்தார். இரட்டைக் குழந்தைகளில் ஒருவர். கூடப் பிறந்த தங்கச்சி பிறக்கும்போதே இறந்துவிட்டாள். இன்வர்கார்கிலுக்குப் பக்கத்தில் எடன்டேல் என்ற ஊரில் குடும்பத்துக்குப் பண்ணை இருந்தது. சின்ன வயசிலேயே குதிரையில் ஏறினால் வேகமாகத்தான் ஓட்டுவார். முதல் உலகப் போர் வந்தபோது, வயசு வந்ததும் போருக்குப் போய் உலகத்தைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஆனால் போர் முடியும்வரை பண்ணையிலேயே இருக்கும்படி ஆகிவிட்டது. பிறகு அப்பா அந்தப் பண்ணையை விற்றுவிட, வேலை இல்லாமல் ஓடிரா மலைச் சுரங்கப் பாதை கட்டும் இடத்தில் கூலி வேலை. அப்புறம் அப்பா வாங்கிய புதுப் பண்ணை. கொஞ்ச காலம் ஸ்பீட்வே பந்தய வீரர். 1930-களின் பொருளாதார மந்தம் வந்ததும் மறுபடி ஊருக்கே திரும்பி, பைக் விற்பனையாளர், மெக்கானிக் என்று காலம் போனது.

கவனிச்சீங்களா? இதில் எங்கேயும் காலேஜ் இல்லை. இன்ஜினியரிங் டிகிரி இல்லை. டிசைன் லேப், டைனமோமீட்டர், ஸ்பான்சர் எதுவும் இல்லை.

பைக்கை வாங்கி ஆறு வருஷம் கழித்து, 1926-ல், அதைப் பிரித்து மாற்ற ஆரம்பித்தார். அதற்கப்புறம் அவர் நிறுத்தவே இல்லை.

அந்த ஸ்கவுட் இன்ஜினின் பெரிய குறை எங்கே என்று பார்ப்போம். அது சைடு வால்வு இன்ஜின். வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இல்லாமல் பக்கத்தில் இருக்கும். அதனால் உள்ளே வரும் கலவை வளைந்து நெளிந்துதான் வரணும், எரிந்த வாயுவும் அப்படியே வளைந்துதான் வெளியே போகணும். எரியும் அறை பக்கவாட்டில் அகலமாக நீண்டுவிடுவதால் கம்ப்ரஷன் ரேஷியோவையும் ஒரு அளவுக்கு மேல் ஏற்ற முடியாது. மெதுவாகப் போகும் வண்டிக்கு இது போதும். ரொம்ப எளிமையான டிசைன், அதிகம் தொல்லை தராது. ஆனால் வேகம் வேண்டும் என்றால் இன்ஜின் நன்றாக மூச்சு விடணும். மன்ரோ இதைப் புரிந்துகொண்டு இன்ஜினின் மேல் பாதியையே மாற்றினார். வால்வுகளை மேலே கொண்டுபோய் ஓவர்ஹெட் வால்வு இன்ஜினாக ஆக்கினார். அதற்கு நாலு கேம்கள் வைத்தார். 600 சி.சி. இன்ஜின் காலப்போக்கில் 850 ஆனது, கடைசியில் 950 ஆனது.

சொல்ல எளிது. ஆனால் ஒவ்வொரு பார்ட்டும் எங்கிருந்து வந்தது?

அவரே செய்தார். பழைய பிஸ்டன்களை உருக்கி, பழைய தகர டப்பாக்களை வைத்தே வார்ப்பு வேலை செய்து, புது பிஸ்டன் எடுத்தார். சிலிண்டர் பேரல், ஃப்ளைவீல் எல்லாம் சொந்தத் தயாரிப்பு. கனெக்டிங் ராடுக்கு நல்ல எஃகு வேணும். அதற்கு டிராக்டரின் ஆக்ஸிலை எடுத்து, கையாலேயே செதுக்கி, அரம் போட்டு வடிவத்துக்குக் கொண்டுவந்தார். முதல் வருஷ ஃபிட்டிங் லேபில் ஒரு சின்ன இரும்புத் துண்டில் 'வி' வெட்டவே நமக்குக் கை காய்ச்சுப் போச்சு, ஞாபகம் இருக்கா? இவர் ஆக்ஸிலில் இருந்து கனெக்டிங் ராட் எடுத்திருக்கிறார். அளவு பார்க்க மைக்ரோமீட்டருக்குப் பதில் பழைய சக்கரத்து ஸ்போக் கம்பி.

இப்படிச் செய்தால் உடையாதா? உடைந்தது. திரும்பத் திரும்ப உடைந்தது. பிஸ்டன் ஓட்டையாகும், ராட் முறியும், சிலிண்டர் வெடிக்கும். உடைந்ததை அவர் தூக்கி எறியவில்லை. ஷெட்டில் ஒரு அலமாரியில் வரிசையாக அடுக்கி, இதெல்லாம் வேகத்தின் கடவுளுக்குப் படையல் என்று எழுதி வைத்தார். பார்ப்பவர்களுக்கு அது தமாஷ். எனக்கு அதில் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட் தெரிகிறது. ஒவ்வொரு துண்டும் எங்கே முறிந்தது, எப்படி முறிந்தது என்று கண் முன்னால் நிற்கும். நாம் செமினாரில் ஃபெயிலியர் அனாலிசிஸ் என்று ஸ்லைடு போடுகிறோமே, அதை அவர் அலமாரியில் வைத்திருந்தார்.

இந்தக் கதையை மோட்டிவேஷன் வீடியோவில் சொல்பவர்கள் ஒரு பகுதியைத் தாண்டிப் போய்விடுவார்கள். மன்ரோவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது, நாலு குழந்தைகள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு கணவனும் மனைவியும் விவாகரத்து செய்துகொண்டார்கள். அவர் வேலையையும் விட்டுவிட்டு ஷெட்டிலேயே குடியேறினார். தூங்குவது அங்கே, சமைப்பது அங்கே, இன்ஜின் பிரிப்பதும் அங்கே. அவர் உடைத்த பிஸ்டன்கள் அலமாரியில் இருக்கு, எண்ணிப் பார்க்கலாம். வீட்டில் என்னென்ன உடைந்தது என்பதற்கு அலமாரி கிடையாது. பேஷன் இருந்தா போதும் என்று நமக்குச் சொல்கிறார்கள் இல்லையா, அதன் பில்லையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இன்வர்கார்கிலுக்குப் பக்கத்தில் ஓரெட்டி கடற்கரை இருக்கு. நீளமான, கெட்டி மணல் பரப்பு. மன்ரோ பல பந்தயங்கள் ஓட்டியது அங்கேதான். 1938-ல் முதல் நியூசிலாந்து சாதனை. பிறகு இன்னும் ஏழு. ஆனால் வண்டி வளர வளர அந்த இடம் போதவில்லை. முழு வேகத்தைத் தொட்டு, அதை அளந்து, பிறகு பத்திரமாக நிறுத்த இன்னும் நீளமான இடம் வேணும். அப்படி ஒரு இடம் யூட்டாவின் பான்வில் உப்பு நிலம். பழைய காலத்து ஏரி ஒன்று வற்றிப்போய் விட்டுச் சென்ற, தட்டையான வெள்ளைப் பரப்பு. வருஷா வருஷம் அங்கே ஸ்பீட் வீக் நடக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். அதைத் தாண்டத் தேவையான பவர் வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும். 89-லிருந்து 296 என்றால் வேகம் சுமார் 3.3 மடங்கு. பவர்? 3.3-ஐ மூன்று முறை பெருக்குங்க. கிட்டத்தட்ட 37 மடங்கு. வெறும் இன்ஜின் வேலையால் இதை எட்டவே முடியாது. பான்வில் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,280 மீட்டர் உயரம் என்பதால் காற்று மெலிசு. எதிர்ப்பு குறையும், சரி. ஆனால் இன்ஜினுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜனும் குறையும். ஒரு கையில் கொடுத்து இன்னொரு கையில் வாங்கிக்கொள்ளும் இடம் அது.

அதனால் வண்டியின் வடிவத்தை மாற்றணும். மன்ரோ ஃபைபர் கிளாஸில் ஒரு முழுக் கூடு செய்தார். தங்கமீனைப் பார்த்து அந்த வடிவத்தைப் பிடித்தார் என்று சொல்வார்கள். அந்தக் கூட்டுக்குள் குப்புறப் படுத்த மாதிரி நுழைந்துதான் ஓட்டணும். காற்றுக்கு முன்னால் காட்டும் பரப்பு எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. ஆள் வசதியாக உட்காருவதெல்லாம் அப்புறம்.

1962-ல் 883 சி.சி. பிரிவில் உலக சாதனை: மணிக்கு 288 கிலோமீட்டர். 1966-ல் 1000 சி.சி. பிரிவில் 270 கிலோமீட்டர். 1967-ல் அதே பிரிவில் 296. ஒன்பது முறை அங்கே போட்டியிட்டு மூன்று உலக சாதனைகள். 1967-ல் தகுதி ஓட்டம் ஒன்றில், ஒரு திசையில் மட்டும், மணிக்கு சுமார் 306 கிலோமீட்டர் தொட்டார். இதற்கெல்லாம் முன்னாலேயே, 1950-களின் கடைசியிலேயே அவருக்கு நெஞ்சுவலி நோய் வந்திருந்தது.

மீன் வடிவக் கூட்டுக்கு ஒரு ஆபத்தும் உண்டு. அம்பின் பின்னால் ஏன் இறகு வைக்கிறார்கள்? காற்று தள்ளும் புள்ளி, எடையின் மையத்துக்குப் பின்னால் இருந்தால்தான் அம்பு நேராகப் போகும். அந்தப் புள்ளி முன்னால் வந்துவிட்டால் காற்றே வண்டியைத் திருப்பிவிடப் பார்க்கும். 1967-ல் ஒரு ஓட்டத்தில் பாதி தூரம் தாண்டியதும் வண்டி ஆட ஆரம்பித்தது. வேகத்தைக் குறைக்க மன்ரோ கூட்டுக்கு மேலே நிமிர்ந்தார். காற்று அவருடைய கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு போனது. கண் தெரியவில்லை. ஓட்டப் பாதையின் கறுப்புக் கோட்டை விட்டு விலகி, ஒரு இரும்புக் கம்பத்தை அங்குலக் கணக்கில் தவறவிட்டு, கடைசியில் வண்டியை உப்பில் சாய்த்தார். உடம்பில் சிராய்ப்புகளோடு எழுந்து வந்தார். வயசு 68 என்பதை மறுபடி நினைத்துக்கொள்ளுங்க.

2005-ல் வந்த, ஆண்டனி ஹாப்கின்ஸ் நடித்த 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்டஸ்ட் இந்தியன்' படத்தை ஹாஸ்டலில் பார்த்தவர்கள் இருப்பீர்கள். படம் அருமை. ஆனால் அதில் எல்லாமே ஒரே பயணத்தில் நடந்து முடிந்துவிடும். நிஜத்தில் அது பல வருஷம், பல பயணம். ஒவ்வொரு தடவையும் உலகத்தின் அந்தக் கோடிக்குப் போய், வந்து, மறுபடி ஷெட்டில் பிரித்து மாட்டிய கதை. சினிமாவுக்கு ஒரு கிளைமாக்ஸ் போதும். மெக்கானிக்குக் கிளைமாக்ஸ் கிடையாது, அடுத்த சீசன்தான்.

கடைசி வருஷங்களில் உடம்பு ஒத்துழைக்கவில்லை. பைக்குகள் வெளியூர் போய்விடக் கூடாது என்று, சொந்த ஊர் வியாபாரி ஒருவருக்கே விற்றார். 1978 ஜனவரி 6-ஆம் தேதி இறந்தார். இன்றைக்கும் அந்த வண்டியை இன்வர்கார்கிலில் ஒரு ஹார்டுவேர் கடையில் போய்ப் பார்க்கலாம். 2006-ல் அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் அவர் பெயரைத் தன் புகழ் மன்றத்தில் சேர்த்தது.

கதை அங்கேயும் முடியவில்லை. நில வேக சாதனையில் ஒரே ஒரு ஓட்டம் கணக்கில் வராது. இரண்டு எதிர்த் திசைகளில் ஓடி, சராசரி எடுப்பார்கள். அப்போதுதான் பின்காற்றின் உதவி கழிந்துபோகும். 1967-ல் மன்ரோவின் இரண்டு ஓட்டங்கள் மணிக்கு 184.710 மைல், 183.463 மைல். கூட்டி இரண்டால் வகுங்க. 184.087 வரும். ஆனால் சாதனைப் பதிவில் இருந்த எண் 183.586. இத்தனை வருஷம் புத்தகங்களில் அச்சானதும் அந்தத் தப்பான எண்தான்.

இதைக் கண்டுபிடித்தவர் அவருடைய மகன் ஜான். அப்பா இறந்து 36 வருஷம் கழித்து, 2014-ல், சங்கம் கணக்கைத் திருத்தி அரை மைல் வேகத்தைத் திருப்பிக் கொடுத்தது. கிலோமீட்டரில் சொன்னால் 295.45 என்பது 296.26 ஆனது. மொத்தம் 0.81.

1920-லிருந்து 1967 வரை 47 வருஷம் அந்த வண்டியைச் சரிசெய்ய ஆனது. 1967-லிருந்து 2014 வரை இன்னொரு 47 வருஷம் ஒரு கூட்டல் வகுத்தலைச் சரிசெய்ய ஆனது. முதல் வேலையை அப்பா செய்தார். இரண்டாவதை, அந்த ஷெட்டுக்குத் தன் அப்பாவை விட்டுக்கொடுத்த பிள்ளைகளில் ஒருவர் செய்தார்.

அடுத்த தடவை ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் தசமப் புள்ளிக்கு அப்புறம் என்ன வந்தா என்ன என்று தோன்றினால், அந்த 0.81-ஐ ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க, மக்களே.