நிக்கோலஸ் ரோரிக்: கலைக்கு ஒரு காப்புக் கொடி

இமயத்தை வரைந்த உருசிய ஓவியர் என்ற அளவிலேயே நிக்கோலஸ் ரோரிக்கை நம்மில் பலர் அறிவர். திரைப்பட நடிகை தேவிகா ராணியின் மாமனார் என்றால் இன்னும் சிலருக்கு விளங்கக்கூடும். அவர் கவிஞருமாவார், 1921இல் பெர்லினில் அவரது கவிதைத் தொகுப்பொன்று வெளிவந்தது. ஆயினும் இம்மலரில் அவரைப் பற்றி எழுதப் புகுந்தது அவருடைய ஓவியத்தின் பொருட்டோ கவிதையின் பொருட்டோ அன்று. எட்டே உறுப்புகள் கொண்ட ஓர் உடன்படிக்கையின் பொருட்டு. போரிலும் அமைதியிலும் கலைச் செல்வங்களைக் காப்பதற்கென்றே நாடுகள் பல கூடிக் கையொப்பமிட்ட முதல் உடன்படிக்கை அது. அதற்கு அவர் பெயரே வழங்கி வருகிறது.

ரோரிக் 1874ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்தார். தந்தையார் பத்திரப் பதிவுச் சான்றாளர். மகனும் சட்டம் பயின்று தம் தொழிலை ஏற்க வேண்டும் என விழைந்தார். மகனின் உள்ளமோ ஓவியத்தில் கிடந்தது. தந்தை சொல்லையும் தட்டாமல், தன் விருப்பத்தையும் விடாமல், 1893இல் பல்கலைக்கழகத்தில் சட்டத்துக்கும் கலைக்கழகத்தில் ஓவியத்துக்குமாக ஒரே காலத்தில் சேர்ந்தார். சட்டப் படிப்பின் முடிவில் அவர் எழுதிய ஆய்வுரை பண்டைய உருசியாவில் கலைஞர்களுக்கிருந்த சட்டநிலையைப் பற்றியது. பிற்காலத்தில் அவர் ஆற்றிய பெரும்பணிக்கு வித்து இங்கேயே விழுந்துவிட்டது எனலாம். இவற்றோடு மூன்றாவது ஈடுபாடு ஒன்றும் இருந்தது. இஸ்வாரா என்னும் ஊரில் இருந்த குடும்பப் பண்ணையைச் சூழ்ந்த பழைய ஈமமேடுகளைச் சிறுவயதிலேயே அகழத் தொடங்கியவர் அவர். மண்ணுக்கடியில் ஒரு மணியோ வளையோ கிடைத்தால் அதை அணிந்தவர் யார் என்று எண்ணும் பழக்கம் கடைசிவரை அவரை விட்டு நீங்கவில்லை.

1901இல் எலெனாவை மணந்தார். 1903, 1904ஆம் ஆண்டுகளில் இருவரும் உருசியாவின் தொன்மையான நகரங்களைச் சுற்றிவந்தனர். கோட்டைச் சுவர்கள், மாதா கோயில்கள், மடங்கள் என ஏறத்தாழ தொண்ணூறு ஓவியங்களை ரோரிக் அப்பயணத்தில் தீட்டினார். அங்கே அவர் கண்ட காட்சி அவரைச் சுட்டது. பழஞ்சுவரோவியங்களின்மேல் சுண்ணாம்பு பூசப்பட்டிருந்தது. கோட்டைகள் கவனிப்பாரற்று இடிந்துகொண்டிருந்தன. திருப்பணி என்ற பெயரால் தொன்மை சுரண்டி எறியப்பட்டது. இத்தனைக்கும் அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. எந்தப் பகைவனும் வரவில்லை. கோயில் தூண்களில் மணல்வீச்சு நடத்திச் சிற்பங்களின் முகம் மழுங்கக் கண்ட நமக்கு அந்தச் சூடு புரியாததன்று. கலைக்குப் பகை போர் மட்டுமன்று, அக்கறையின்மையும் அதற்கு நிகரான பகையே என்னும் கருத்து அப்பயணத்தில்தான் அவருள் வேரூன்றியது.

1906 முதல் பீட்டர்ஸ்பர்க்கின் கலைப்பள்ளி ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். 1913இல் பாரிசு நகரில் ஸ்ட்ராவின்ஸ்கியின் இசையில் அரங்கேறிப் பெரும் அமளியை எழுப்பிய வசந்தச் சடங்கு நடன நாடகத்துக்குக் காட்சித் திரைகளையும் உடைகளையும் வரைந்தவர் இவரே. அந்தப் புகழை விரிப்பதற்கு இங்கு இடமில்லை.

அடுத்த ஆண்டு முதல் உலகப் போர் மூண்டது. 1914 ஆகஸ்டில் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழக நூலகம் செருமானியப் படைகளால் எரியூட்டப்பட்டது. நூலகம் எரிந்த வலி இன்னதென்று தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுத்த மாதமே பிரான்சின் ரீம்ஸ் பேராலயம் பீரங்கிக் குண்டுகளுக்கு இலக்காயிற்று. இவற்றைத் தடுக்கச் சட்டம் இல்லாமலில்லை. 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகள், முற்றுகையின்போதும் குண்டுவீச்சின்போதும் கலை, சமயம், அறிவியல் சார்ந்த கட்டடங்களையும் வரலாற்றுச் சின்னங்களையும் இயன்றவரை விட்டுவைக்குமாறு விதித்திருந்தன. இயன்றவரை என்ற அந்த ஒற்றைச் சொல்லில்தான் எல்லாம் அடங்கியது. நகரத்தார் மறைந்திருந்து சுட்டனர், கோபுரத்தின் மேல் பகைவரின் கண்காணிப்பு இருந்தது, எனவே இயலவில்லை என்று படைத்தலைவர்கள் காரணம் கூறினர். சொற்களின் எடையறிந்த கவிஞர்கள் இவ்விடத்தில் சற்று நின்று எண்ண வேண்டும். ஒரு சொல் தளர்ந்திருந்ததனால் ஒரு நூலகத்தைக் காப்பதற்கு வழியில்லாமற் போயிற்று. ரோரிக் இக்கொடுமையைச் சுவரொட்டியாக வரைந்து பரப்பினார். 1915இல் உருசியப் பேரரசரிடமும் படைத்தலைமையிடமும் கலைச்செல்வங்களைக் காக்குமாறு முறையிட்டார். முறையீடு பயனற்றுப் போயிற்று.

புரட்சிக்குப்பின் நாடு நீங்கி, பின்லாந்து வழியாக இலண்டன் சேர்ந்தார். அங்கே 1920இல் இரவீந்திரநாத் தாகூரைச் சந்தித்தார். பின்னர் அமெரிக்கா சென்று, நியூயார்க்கில் கலைநிறுவனமும் அருங்காட்சியகமும் கண்டார். 1923இன் இறுதியில் இந்தியா வந்தார். 1925 முதல் 1928 வரை மனைவியோடும் மூத்த மகன் யூரியோடும் காசுமீரம், லடாக், சிங்கியாங், அல்தாய், மங்கோலியா, திபெத்து எனப் பல்லாயிரம் கல் நடந்தார். திபெத்து அதிகாரிகள் வழிமறித்ததால் 1927ஆம் ஆண்டுக் குளிர்காலத்தைக் கோடைக்கேற்ற கூடாரங்களில் உறைபனி மேட்டுநிலத்திலேயே கழிக்க நேர்ந்தது. உடன்வந்தோர் சிலரும் பொதிவிலங்குகள் பலவும் மாண்டனர். அப்பயணம் முடிந்தபின் குலூப் பள்ளத்தாக்கின் நகர் என்னும் சிற்றூரில் குடியமர்ந்தார்.

1929இல் அவரது எண்ணத்துக்குச் சட்டவடிவம் கிடைத்தது. பாரிசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சட்ட அறிஞர் ஜார்ஜ் ஷ்க்லாவர் வரைவை ஆக்கினார். போர்க்களத்தில் காயமுற்றோரைச் செஞ்சிலுவை காப்பதுபோலக் கலையையும் கல்வியையும் ஒரு கொடி காக்க வேண்டும் என்பது கருத்து. வெண்ணிறத் துணியில் ஒரு செவ்வட்டம், அதனுள் மூன்று செங்கோளங்கள், இதுவே கொடி. சமயம், கலை, அறிவியல் மூன்றையும் பண்பாடு சூழ்கிறது எனச் சிலரும், இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றையும் காலாதீதம் சூழ்கிறது எனச் சிலரும் பொருள் கூறுவர். நம் சிந்தாமணியின் சாயலும் அதில் உண்டு. தாகூர் இதனை வரவேற்றார். ப்ரூஜ் நகரில் இருமுறை மாநாடு கூடியது. 1935 ஏப்ரல் 15ஆம் நாள் வெள்ளை மாளிகையில், குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் முன்னிலையில், 21 அமெரிக்கக் கண்ட நாடுகள் கையொப்பமிட்டன.

அவ்வுடன்படிக்கையின் முதல் உறுப்பைப் பயில்வோர் ஒன்றைக் காண்பர். வரலாற்றுச் சின்னங்கள், அருங்காட்சியகங்கள், கலை, கல்வி, அறிவியல் நிலையங்கள், அவற்றில் பணிபுரிவோர் அனைவரும் நடுநிலையினராகக் கருதப்பட்டுக் காக்கப்பட வேண்டும். அதுவும் போரில் மட்டுமன்றி அமைதிக் காலத்திலும். இயன்றவரை என்ற சொல் அங்கே இல்லை. அவ்விடத்தைப் படைத்துறைக்குப் பயன்படுத்தினாலன்றிப் பாதுகாப்பு நீங்காது. போரின் தேவை என்று கூறித் தப்பிக்கும் வாயில் அடைக்கப்பட்டுவிட்டது. மீறியவனுக்குத் தண்டனை என்ன என்று அது கூறவில்லை. அது மெய்யான குறை. எனினும் 1904இல் இடிந்த சுவர்களுக்கு முன் நின்றவரின் சினமும், சட்டம் பயின்றவரின் கூர்மையும் ஒருங்கே அவ்வுறுப்பில் தெரிகின்றன.

கையொப்ப நாளில் அவர் அங்கில்லை. வறட்சியைத் தாங்கும் புல்விதைகளைத் தேடி அமெரிக்க வேளாண்துறையின் சார்பில் மஞ்சூரிய, மங்கோலியப் பகுதிகளில் அலைந்துகொண்டிருந்தார். அவரை அனுப்பியவரும் உடன்படிக்கையில் அமெரிக்காவின் சார்பில் கையொப்பமிட்டவரும் வேளாண் அமைச்சர் ஹென்றி வாலஸ். ரோரிக்கைக் குருவாகப் போற்றி மடல் எழுதியவர். அவ்வாண்டே அந்த உறவு முறிந்தது. புல் தேட வந்தவர் அரசியலிலும் தலையிடுகிறார் என்ற ஐயம் எழுந்தது. ரோரிக்கின் மறைபொருள் நாட்டமும் ஆசிய நடுவே புதிய நாடு பற்றிய கனவுகளும் அவ்வையத்துக்கு இடமளித்தன என்பதை அவர்பால் மதிப்புடையோரும் மறுத்தல் அரிது. வரிவழக்கு தொடரப்பட்டது. பொருளுதவி செய்த நண்பரும் பகையானார். நியூயார்க் அருங்காட்சியகக் கட்டடம் கைவிட்டுப் போயிற்று. அதிலிருந்த ஓவியங்கள் வெளியேற்றப்பட்டன. அருங்காட்சியகங்களுக்குக் காப்புச் சட்டம் தந்தவர், தம் அருங்காட்சியகத்தை அதே நாட்டில் இழந்தார். அதன்பின் அவர் அமெரிக்க மண்ணை மிதிக்கவில்லை.

ஐரோப்பிய நாடுகள் எவையும் உடன்படிக்கையில் சேரவில்லை. 1940 மே மாதத்தில் லூவேன் நூலகம் இரண்டாம் முறையாக எரிந்தது. 1198இல் எழுப்பப்பட்ட நவ்கோரத் நெரெதித்சா ஆலயம், தன் சுவரோவியங்களில் பெரும்பகுதியோடு அதே உலகப் போரில் சிதைந்தது. இச்செய்திகளையெல்லாம் நகரில் இருந்தபடியே ரோரிக் தாங்க வேண்டியிருந்தது. 1942இல் நேருவும் மகள் இந்திராவும் அவர் இல்லத்தில் சில நாள் தங்கினர். தாயகம் திரும்பும் விருப்பம் நிறைவேறாமலே, 1947 டிசம்பர் 13ஆம் நாள் ரோரிக் மறைந்தார். இமயம் நோக்கிய சரிவில் எரியூட்டப்பட்ட இடத்தில் ஒரு கல் நிற்கிறது.

1954இல் ஹேக் நகரில் உருவான உலகளாவிய உடன்படிக்கை தன் முன்னுரையில் 1935ஆம் ஆண்டு உடன்படிக்கையை நினைவுகூர்ந்தது. ஆனால் செங்கோளங்களுக்கு மாற்றாக நீலக் கேடயத்தைச் சின்னமாக்கிற்று. தவிர்க்கவியலாப் படைத்தேவை எழுந்தால் விலக்குண்டு என்றும் எழுதிற்று. ரோரிக் அடைத்த வாயில் மறுபடி திறந்தது. 1999இல் இயற்றப்பட்ட இரண்டாம் நெறிமுறை அவ்விலக்கைக் குறுக்கியது: அவ்விடமே படைத்துறை இலக்காக மாற்றப்பட்டிருக்க வேண்டும், வேறு வழியும் இல்லாதிருக்க வேண்டும். இது ரோரிக் எழுதியதை ஓரளவு அணுகி வருகிறது.

இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டத்தின்கீழ் ஒன்பது ஓவியர்களின் படைப்புகள் நாட்டின் கலைக்கருவூலங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. இரவிவர்மா, அம்ரிதா ஷேர்கில், தாகூர் ஆகியோரோடு ரோரிக்கும் அவர்களில் ஒருவர். இந்தியாவிலுள்ள அவரது ஓவியங்களை விற்பதற்காக நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லச் சட்டம் இடந்தருவதில்லை.