மால்தஸ்: ஒரு பாதிரியார் போட்ட கணக்கு

பத்தாம் வகுப்புல கூட்டுத் தொடர்வரிசை, பெருக்குத் தொடர்வரிசைன்னு ரெண்டு படிச்சோமே, ஞாபகம் இருக்கா? 1, 2, 3, 4 என்று போவது ஒன்று. 1, 2, 4, 8 என்று எகிறுவது இன்னொன்று. பரீட்சை முடிஞ்சதும் நாம மறந்துட்டோம். ஆனா இந்த ரெண்டு வரிசையை மட்டும் வச்சு உலகத்தையே கதிகலங்க வச்சவர் ஒருத்தர் இருக்கார். பெயர் தாமஸ் ராபர்ட் மால்தஸ்.

1766-ல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் வசதியான வீட்டில் பிறந்தார். பிறவியிலேயே உதடும் அண்ணமும் பிளந்திருந்ததால் பேச்சு தெளிவாக வராது. படிப்பில் கெட்டி. கேம்பிரிட்ஜில் 1788-ல் கணிதத் தேர்வில் ஒன்பதாவது இடம். பிறகு பாதிரியார் ஆனார். வேலை செய்த கிராமப் பகுதியில், கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சரியான சாப்பாடு இல்லாமல் வளர்ச்சி குன்றியிருப்பதை நேரிலேயே பார்த்தார்.

அப்பா டேனியல் நேர் எதிர். மனித சமுதாயம் போகப்போக முன்னேறி ஒருநாள் வறுமையே இல்லாமல் போய்விடும் என்று நம்பியவர். அப்பாவும் மகனும் உட்கார்ந்து வாதம் பண்ணினார்கள். அந்த வாதம்தான் 1798-ல் பெயர் போடாமல் ஒரு புத்தகமாக வந்தது. விஷயம் இதுதான்: தடுக்க ஆள் இல்லையென்றால் மக்கள்தொகை பெருக்கு வரிசையில் ஏறும், உணவு கூட்டு வரிசையில்தான் ஏறும். மிச்சக் கணக்கைப் பஞ்சமும் நோயும் போரும் தீர்த்துவைக்கும்.

1803-ல் விரிவான இரண்டாம் பதிப்பு, இந்த முறை பெயரோடு. அதில் ஒரு வழியும் சொன்னார்: குடும்பத்தைக் காப்பாற்றும் சக்தி வரும்வரை கல்யாணத்தைத் தள்ளிப்போடுங்க, அதுவரை ஒழுக்கமா இருங்க. கருத்தடையை அவர் ஏற்கவில்லை. சொன்னபடியே தானும் 38 வயதில்தான் கல்யாணம் பண்ணினார். மூன்று பிள்ளைகள். ஊருக்கு உபதேசம் பண்ணிவிட்டு இவர் மட்டும் பதினொரு பெண்களைப் பெற்றார் என்று பின்னாளில் யாரோ கிளப்பிவிட்ட கதை சுத்தப் பொய். பழகுவதற்கு மென்மையானவர் என்றுதான் நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அப்புறம் எங்கே தப்பு நடந்தது?

அந்த 1803 பதிப்பிலேயே ஓர் இடம் வரும். பெற்றோரும் சோறு போட முடியாமல், வேலையும் கிடைக்காமல் இருப்பவனுக்கு இயற்கையின் பந்தியில் இலை கிடையாது என்ற பொருளில் எழுதியிருந்தார். எதிர்ப்பு வந்தது, அடுத்த பதிப்பில் எடுத்துவிட்டார். ஆனா சொன்ன சொல் சொன்னதுதானே! ஏழைகளுக்கு அரசு தரும் உதவியைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்பதில் கடைசிவரை உறுதியாக இருந்தார். 1834-ல் வந்த புதிய ஏழைகள் சட்டத்தின் பின்னால் அவர் சிந்தனை இருந்தது. உதவி கேட்டுப் போனால் பணிவிடுதியில் அடைப்பார்கள். அங்கே புருஷன் ஒரு பக்கம், பொண்டாட்டி ஒரு பக்கம். அந்த ஆண்டு டிசம்பரில் மால்தஸ் இறந்தார்.

நமக்கும் இவருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1805 முதல் சாகும்வரை, இந்தியாவை ஆள வரும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளுக்குப் பாடம் நடத்திய கல்லூரியில் இவர் பேராசிரியர். மாணவர்கள் வைத்த பட்டப்பெயர் 'பாப்'. பாப்புலேஷன் என்பதன் சுருக்கம்! அந்தக் காலத்தில் அங்கே படித்தவர்களில் ஒருவர் சார்லஸ் டிரெவிலியன். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் செத்தபோது நிவாரணத்தை இறுக்கிப் பிடித்த அதிகாரி இவர்தான். 1859-ல் சென்னை மாகாண ஆளுநராகவும் வந்தார். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் மடிந்துகொண்டிருந்தபோதும், வைஸ்ராய் லிட்டன் இதே மக்கள்பெருக்கக் காரணத்தைத்தான் சொன்னார். தானியம் கப்பல் ஏறிக்கொண்டே இருந்தது.

இப்போ காலநிலை மாற்றம். பிள்ளை பெறுவதைக் குறைத்தால் பூமி பிழைக்கும் என்ற பேச்சு மறுபடியும் வருது. 1800 வாக்கில் சுமார் 100 கோடியாக இருந்த உலகம் 2022-ல் 800 கோடியைத் தொட்டது. அதனால பேச்சை ஒரேயடியா தள்ளவும் முடியாது. ஆனா நாம இன்ஜினியரிங் படிக்கிறவங்க, பெருக்கலை முழுசா போடுவோம். மொத்த உமிழ்வு = தலைகளின் எண்ணிக்கை × ஒரு தலைக்கான உமிழ்வு. ஓர் அமெரிக்கருக்கு ஆண்டுக்குச் சுமார் 14 டன் கார்பன் டை ஆக்சைடு, ஓர் இந்தியருக்குச் சுமார் 2 டன். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளைகளுக்கும் குறைவுதான். நாடு முழுக்கவே பிறப்பு விகிதம் குறைஞ்சிருக்கு, உமிழ்வு மட்டும் ஏறிட்டே போகுது. அப்போ கை வைக்க வேண்டியது எந்த எண்ணில்?

ஒருத்தர் தனக்குப் பிள்ளை வேண்டாம், ஒன்று போதும் என்று முடிவெடுத்தால் அது அவர் உரிமை. அந்த முடிவை மதிப்போம். மால்தஸ் 38 வயதுவரை காத்திருந்ததும் அப்படித்தான். அதையே அடுத்தவன் வீட்டுக்கு, அதுவும் இல்லாதவன் வீட்டுக்கு, விதியாக எழுதி அனுப்பியபோதுதான் கணக்கு அநியாயமாச்சு.

அவர் பெருக்கலில் தப்பில்லை. விடைக்கான பில்லை யார் பெயரில் போட்டார் என்பதுதான் தப்பு. அதே பில் இப்போ நம்ம தலைமுறை கைக்கு வந்திருக்கு. பெயர் எழுதும் முன்னாடி ஒருதரம் யோசிப்போம்.