சவுக்கெடுத்த நாடியா

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் பகலெல்லாம் பட்டுத்தறி மிதித்துவிட்டு, இரவில் டெலிவிஷன் முன் உட்காரும் குடும்பத்துக்குத் துப்பாக்கி ஏந்திய பெண் ஒற்றர் ஓர் அதிசயமல்ல. ஆனால் 1935-ல் அப்படி ஒருத்தியைத் திரையில் கண்டபோது பம்பாய்க் கொட்டகையே அதிர்ந்தது. முகமூடி அணிந்து, கையில் சவுக்குடன் குதிரைமேல் வந்த அந்த 'ஹண்டர்வாலி'தான் நாடியா.

மேரி ஆன் ஈவான்ஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். 1908 ஜனவரி 8-ந் தேதி ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் பட்டாளத்துச் சிப்பாய். தாய் கிரேக்க மாது. தந்தையின் பட்டாளத்தோடு ஐந்து வயதில் பம்பாய் வந்து சேர்ந்தார். முதல் உலக யுத்தம் தந்தையைப் பலி கொண்டது. பிறகு பெஷாவர் பக்கம் வளர்ந்த நாட்களில் குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் கைவந்தன. 1928-ல் பம்பாய்க்குத் திரும்பியபோது தாயோடு ஒரு சின்ன மகனும் உடன் இருந்தான். பிழைக்க வேண்டுமே! கடையில் விற்பனைப் பெண்ணாக நின்றார், நடனக் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றினார், சர்க்கஸிலும் சேர்ந்தார். 'ந' வரிசையில் பெயர் வைத்துக்கொண்டால் யோகம் வரும் என்று ஒரு ஜோசியக்காரி சொல்ல, மேரி நாடியா ஆனார்.

வாடியா மூவிடோன் முதலாளி ஜே. பி. எச். வாடியா வேறொரு பெயர் யோசித்தார். நந்தாதேவி என்று அழைத்து, நீண்ட பின்னல் வைத்து நடிக்கச் சொன்னார். தமக்குத் தேவி வேஷம் பொருந்தாது என்று நாடியா கண்டிப்பாக மறுத்துவிட்டார். வேலை தேடி வந்தவருக்கு இத்தனை துணிச்சல்!

ஜே. பி. எச்.சின் தம்பி ஹோமி வாடியா 'ஹண்டர்வாலி'யை எடுத்து முடித்தார். விநியோகஸ்தர்கள் கையை விரித்தார்கள். பொன்னிறக் கூந்தலுடன் ஆண்களைத் தூக்கி எறியும் வெள்ளைக்காரியை யார் பார்ப்பார்கள் என்பது அவர்கள் கவலை. வாடியா சகோதரர்கள் நண்பர் ஒருவரின் துணையுடன் தாங்களே வெளியிட்டார்கள். படம் 25 வாரம் ஓடியது. நாடியாவின் பெயரில் சவுக்கும் பெல்ட்டும் தீப்பெட்டியும் கடைக்கு வந்தன. அதற்கெல்லாம் அவரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

மறு ஆண்டு 'மிஸ் பிராண்டியர் மெயில்'. தந்தைமீது விழுந்த கொலைப் பழியைத் துடைக்க மகள் துப்பறியும் கதை. ஓடும் ரயிலின் கூரைமேல் எதிரிகளோடு மோதியது நாடியாவேதான், டூப் கிடையாது. 'ஜங்கிள் பிரின்ஸஸ்' படத்தில் சிங்கங்களோடும் நடித்தார். ஹிந்தி வசனம் பேசுவதுதான் அவருக்குச் சிங்கத்தைவிடக் கஷ்டம்! தமிழிலும் இந்தச் சாகச மோகம் பரவியது. 1937-ல் வந்த 'மின்னல் கொடி'யில் கே. டி. ருக்மிணி அதே பாணியில் வாளெடுத்தார்.

திரையில் யாருக்கும் அடங்காத அந்தப் பெண், சொந்த வாழ்க்கையில் காத்திருக்க நேர்ந்தது. அவரும் ஹோமியும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். ஆனால் ஹோமியின் தாய்க்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. கம்பெனிக்குப் பணம் குவித்த பெண்ணுக்கு மருமகள் ஸ்தானம் மட்டும் கிடைக்கவில்லை. வருஷங்கள் ஓடின. சகோதரர்கள் தொழிலில் பிரிந்தார்கள்; ஹோமி பசந்த் பிக்சர்ஸ் என்ற தனிக் கம்பெனி தொடங்கி, 1943-ல் நாடியாவை வைத்தே 'ஹண்டர்வாலி கி பேட்டி'யை எடுத்தார். கல்யாணம் நடந்ததோ 1961-ல். மணப்பெண்ணுக்கு அப்போது வயது 53.

அத்தோடு ஓய்ந்துவிட்டார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். ஜேம்ஸ் பாண்ட் மோகம் உலகெங்கும் பரவிய நாளில், 1968-ல், ஹோமி 'கிலாடி' என்ற ஒற்றர் படம் எடுத்தார். அதில் ரகசிய ஏஜெண்டாக வந்தவர் அறுபது வயது நாடியா. அதுவே கடைசிப் படம். 1996 ஜனவரி 9-ந் தேதி, 88-வது பிறந்த நாளுக்கு மறுநாள், பம்பாயில் காலமானார்.