தாமஸ் பேயஸ் போதகர்

தம் பெயர் உலகில் நிலைபெற வேண்டுமென்று முயன்றோர் பலர் மறக்கப்பட்டொழிய, அதனைச் சிறிதும் நாடாத சிலருடைய பெயர் நாடோறும் வழங்கி வருதலைச் சரித்திரத்திற் காண்கின்றோம். அத்தகையாருள் ஒருவர் தாமஸ் பேயஸ் போதகர். குதிரை மீது தபால் சென்ற காலத்தவராகிய இவர் கண்ட விதியே, இன்று நமக்கு வரும் மின்னஞ்சல்களுள் வேண்டுவன இவை, வேண்டாதன இவை எனப் பிரித்து உரிய பெட்டியிற் சேர்க்கும் பணிக்குத் துணைநிற்கின்றது. அஃது எங்ஙனமென்பதை இவர் சரித்திரத்தோடு சேர்த்துச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பேயஸ் 1701-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்து தேசத்திலே பிறந்தார். தந்தையார் யோசுவா பேயஸ் அரசாங்கத் திருச்சபையோடு இணங்காத பிரிவினரின் போதகர். அப்பிரிவினர்க்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலைகளின் கதவு அடைபட்டிருந்தமையின், தாமஸ் 1719-இல் ஸ்காட்லாந்து சென்று எடின்பரோவிலே தருக்கமும் வேதசாஸ்திரமும் பயின்றார். பின்னர் லண்டனில் தந்தையாரின் ஊழியத்திற்கு உதவியாயிருந்து, அதன்பின் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊற்றுநீர் நகரத்துச் சபைக்குப் போதகராகி, 1752 வரை அப்பணியாற்றினார். தேவ தயையைக் குறித்து 1731-இல் ஒரு நூலும், நியூட்டனின் கணிதத்தைக் குறைகூறிய பார்க்லி அத்தியட்சருக்கு மறுப்பாக 1736-இல் ஒரு நூலும் வெளியிட்டார். இரண்டிலும் தம் பெயரைப் பொறித்தாரில்லை. 1742-இல் ராயல் சொசைட்டி இவரை அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது.

இவர் உள்ளத்தை ஒரு வினா பற்றிக்கொண்டிருந்தது. குடத்தினுள் வெள்ளைப் பந்து இத்தனை, கறுப்புப் பந்து இத்தனை என அறிந்தால், எடுக்கும் பந்து வெள்ளையாதற்குரிய நிகழ்தகவைக் கணித்தல் எளிது. ஆனால் எடுத்த பந்துகளை மட்டும் கண்டவன், காணாத குடத்தின் உள்ளடக்கத்தைப் பற்றி யாது கூறலாம்? காரணத்தினின்று காரியத்தை உணர்தல் ஒன்று. காரியத்தினின்று காரணத்தை உணர்தல் மற்றொன்று. பேயஸ் ஆராய்ந்தது பின்னதனையே. சமனான மேசைமேல் ஒரு பந்து உருட்டப்பட்டு எங்கோ நின்றதாகக் கற்பித்து, பின்னர் உருட்டப்படும் பந்துகள் அதற்கு எப்பக்கம் விழுந்தன என்பதை மட்டும் கொண்டு அதன் இடத்தை மதிப்பிடும் வழியை வகுத்தார். முன்னர்க் கொண்ட எண்ணத்தைப் புதிதாய் வரும் ஒவ்வொரு சான்றுக்கும் ஏற்பத் திருத்திக்கொள்க என்பதே அவ்வழியின் சாரம்.

இத்துணை அரியதொன்றைக் கண்டவர் அதனை அச்சிடாமலே 1761-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மோட்சப் பிரயாணம் எழுதிய ஜான் பனியன் துயிலும் பன்ஹில் பீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்திலேயே இவரும் அடக்கம் பண்ணப்பட்டார். எஞ்சிய காகிதங்களை நண்பர் ரிச்சர்டு பிரைஸ் என்னும் போதகர் ஆராய்ந்தார். தாமே கண்டதென்று கூறிக்கொள்ள அவருக்கு இடமிருந்தும், குறைந்தவற்றை நிரப்பி, நண்பர் பெயராலேயே அனுப்பினார். 1763 டிசம்பர் 23-இல் அக்கட்டுரை ராயல் சொசைட்டியில் வாசிக்கப்பட்டது. அந்நட்பு இல்லையேல் இன்று அவ்விதிக்குப் பேயஸ் பெயர் ஏது?

இனி மின்னஞ்சலுக்கு வருவோம். யூனிக்ஸ் கணினியில் வந்திறங்கும் அஞ்சலைப் பிரித்துச் சேர்க்கவென்று 1990-இல் ஸ்டீபன் வான் டென் பெர்க் என்பார் புரோக்மெயில் என்னும் நிரலை ஆக்கினார். பயனர் தம் விதிகளை ஒரு கோப்பில் எழுதி வைப்பார். நிரல் ஒவ்வொரு கடிதத்தையும் அவ்விதிகளோடு வரிசையாய் ஒப்பிட்டு, பொருந்திய விதி காட்டும் பெட்டியிற் சேர்க்கும். எதுவும் பொருந்தாவிடின் பொதுப் பெட்டியில் இடும். திறமான ஏவலாளே, ஆயினும் சொன்னதை மட்டுமே செய்யும் ஏவலாள்.

அதன் தீமையை எம் விடுதியிலேயே கண்டோம். வேண்டாக் கடிதங்களால் சலிப்புற்ற தோழர் ஒருவர், பணம் என்னும் சொல்லுள்ள கடிதம் யாவும், இட்டது எதுவும் மீளாத டெவ் நல் என்னும் பாழ்வெளிக்குச் செல்க என விதி எழுதினார். அவருடைய கட்டண உதவிக்கான கடிதமும் அவ்வழியே சென்றது. கெடு நாள் கழிந்த பின்னரே அறிந்தார். அவர் தாயார் கைவளையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்தினார்.

இவ்விடத்தே பேயஸ் விதி உதவுகின்றது. 2002-இல் பால் கிரஹாம் என்பார் இம்முறையை விளக்கி எழுத, அவ்வாண்டிலேயே எரிக் ரேமண்ட் போகோபில்டர் என்னும் நிரலை ஆக்கினார். புரோக்மெயில் கடிதத்தை அதனிடம் காட்டி, அதன் மதிப்பீட்டை அறிந்து, பின்னர்ப் பெட்டியிற் சேர்க்கலாம். நம்மிடமுள்ள நூறு கடிதங்களுள் 40 வேண்டாதன, 60 நல்லன எனக் கொள்வோம். பணம் என்னும் சொல் அந்நாற்பதில் 20-லும், அவ்வறுபதில் 3-லும் உளதாயின், அச்சொல்லுடன் வரும் புதுக் கடிதத்தின்மீது ஐயம் நூற்றுக்கு 40-இலிருந்து 87 அளவுக்கு ஏறும். ஆனால் கல்லூரி என்னும் சொல்லும் அதில் இருந்து, அது வேண்டாதனவற்றில் 2-இலும் நல்லனவற்றில் 30-இலும் காணப்பட்டதாயின், ஐயம் மீண்டும் 40-க்கே இறங்கும். ஒரு சொல் குற்றஞ்சாட்ட, மற்றொரு சொல் சாட்சியாய் நின்று மீட்கின்றது. கிரஹாம் நல்ல கடிதங்களிற் கண்ட எண்ணிக்கையை இருமடங்காகக் கணக்கிட்டார். குற்றமற்ற ஒன்றை இழத்தல், வேண்டாத சிலவற்றை ஏற்பதினும் கொடிது என்பதே காரணம்.

மாணவராகிய நாம் ஒருவரைக் குறித்து ஒரு சொற் கேட்ட மாத்திரத்தே தீர்ப்பிட்டு, அவரைப் பாழ்வெளிக்கு அனுப்பிவிடுகின்றோம். அப்பொழுதெல்லாம் இப்போதகரை நினைவுகூர்வோமாக. கொண்ட எண்ணத்தை மறைக்க வேண்டுவதில்லை. அடுத்த சான்று வரும்போது திருத்த மனமிருத்தல் போதும். எம் தோழர் தம் பழைய விதியை அழித்துவிட்டார். ஐயத்துக்குரிய கடிதங்களை இப்பொழுது தனிப் பெட்டியொன்றில் சேர்த்து, இரவு உறங்குமுன் ஒருமுறை தாமே திறந்து பார்க்கின்றார்.