யுவான் சுவாங் கண்ட நிர்க்கிரந்தர்

காஞ்சிக்கு வந்த சீனப் பயணி என்ற ஒரு வரியோடு நம் பள்ளிப் பாடநூல்கள் யுவான் சுவாங்கை விட்டுவிடுகின்றன. அந்நாட்டில் நிர்க்கிரந்தர் பலர் இருந்தனர் என்று எழுதிவைத்தவர் என்பதால், தமிழ்ச் சமண வரலாறு எழுதுவோர் அவரைச் சான்று காட்டத் தவறுவதில்லை. ஆயினும், அவர் ஒரு நிர்க்கிரந்த முனிவரை நேரிற் கண்டு, தம் மனக்கவலையைக் கூறி வழி கேட்ட நிகழ்ச்சியை நம்மவரிற் பலர் கேள்வியுற்றதில்லை. அதனைக் கூறுமுன், அவர் எத்தகைய மனிதரைக் கடந்து அங்கு வந்து சேர்ந்தார் என்பதைக் காண்போம்.

சீனத்தின் லோயாங் நகருக்கு அருகில், கி.பி. 602 அளவிற் பிறந்தவர் அவர். இளமையிலேயே பௌத்தத் துறவு பூண்டார். கையிற் கிடைத்த மொழிபெயர்ப்புகள் ஒன்றோடொன்று முரண்படவே, மூல நூல்களைத் தேடி இந்தியா செல்வதெனத் துணிந்தார். அரசு அனுமதி தரவில்லை. எல்லை கடத்தல் குற்றம். 629 அளவில் அவர் கரந்து புறப்பட்டார். எல்லைப்புற நகரொன்றில் அதிகாரி ஒருவர் அவரைப் பிடிக்க வந்த ஆணையைக் காட்டினார். உண்மையை ஒளியாது கூறியதும், அவ்வதிகாரி தம் கையாலேயே ஆணையைக் கிழித்தெறிந்து, விரைந்து செல்லுமாறு பணித்தார். முன்பின் அறியாத ஒருவர் தம் பதவியையே பணயம் வைத்துச் செய்த உதவி அது.

எல்லாரும் அவ்வாறு இருந்தாரல்லர். வழிகாட்டியாக வந்த அயல்நாட்டு இளைஞன் ஒருவன் அவரிடம் ஐந்து விரதங்களைப் பெற்றுக்கொண்டவன். நள்ளிரவில் மரக்கிளைகளால் பாலமிட்டு ஆற்றைக் கடக்கச் செய்தவனும் அவனே. அன்றிரவே அவன் உருவிய வாளோடு அவர் படுக்கையை நோக்கி வந்தான். சில அடித் தொலைவில் நின்று திரும்பிவிட்டான். யுவான் சுவாங் எழுந்தமர்ந்து விடியுமளவும் வழிபாட்டில் இருந்தார். மறுநாள் அவன் மேலும் வர அஞ்சியபோது, கடிந்துரையாது ஒரு குதிரையையும் கொடுத்து அனுப்பினார். வாளோடு வந்தவனுக்குக் குதிரை கொடுத்த அந்தப் பொறை நம் கருத்தில் நிற்கத் தக்கது.

பின்னர்த் தனிமை. பாலையிற் கிடந்த எலும்புகளும் குதிரைச் சாணமுமே வழியடையாளம். முதற் காவற்கோபுரத்தில் அம்பொன்று முழங்காலை உரசுவதுபோற் பறந்தது. எய்தவர்களின் தலைவரோ அவரை உபசரித்து, உணவும் நீரும் தந்து, அப்பாலுள்ள கோபுரத்திலிருந்த தம் உறவினரிடம் அனுப்பிவைத்தார். அதற்கு மேற் சென்றபோது நீர்ப்பை கைநழுவிக் கொட்டிற்று. நான்கு இரவும் ஐந்து பகலும் ஒரு துளி நீரின்றிக் கழிந்தன. அவரைக் காத்தது அவர் ஏறியிருந்த கிழக்குதிரை. அவ்வழியே பதினைந்து முறை சென்று வந்தது என்று கூறி, முதியவர் ஒருவர் தம்முடைய நல்ல குதிரைக்கு மாற்றாகத் தந்தது அது. தானாகவே வழிவிலகி ஓடி, புல்லும் நீரும் உள்ள இடத்தை அது அடைந்தது. ஹாமி நகர மடத்தில் இருந்த முதிய சீனத் துறவி வெறுங்காலோடு ஓடிவந்து, தம் நாட்டவரை மீண்டும் காண்போம் என எண்ணியதில்லையென்று தழுவி அழுதார்.

துர்பான் பகுதியின் மன்னன் அன்பினாலேயே அவரைச் சிறைப்படுத்த முயன்றான். அவர் மூன்று நாள் உண்ணாதிருந்தபின்தான் விடுத்தான். குதிரைகளும் பொருளும் இருபத்துநான்கு அறிமுக மடல்களும் கொடுத்தனுப்பினான். கங்கையிலோ, படகை மறித்த கொள்ளையர் அவரைத் துர்க்கைக்குப் பலியிட முற்பட்டனர். எதிர்பாராது எழுந்த பெருங்காற்றால் அஞ்சி, அடிபணிந்து விடுத்தனர்.

நாளந்தாவில் சீலபத்திரரிடம் பல்லாண்டு பயின்றபின், 640 அளவில் காஞ்சி வந்தார். கப்பலேறி இலங்கை செல்வது அவர் நோக்கம். அங்கிருந்து வந்த துறவியர், அரசன் இறந்து நாடு பஞ்சத்தாற் கலங்கியிருப்பதைக் கூறவே, அந்த எண்ணத்தைக் கைவிட்டார். அவர் நூலில் நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களோடு நம் முன்னோரும் இடம்பெறுகின்றனர். திருப்பருத்திக்குன்றம் செல்வோர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

நம் சமயத்தைப் பற்றி அவர் நடுநிலையோடு எழுதினார் என்று நாம் சொல்லமாட்டோம். வடமேற்கில் சுவேதாம்பரரைக் குறித்து எழுதுகையில், அவர்கள் கொள்கை பௌத்த நூல்களிலிருந்து எடுத்தது என்று கூறிச் சென்றார். அதனை நாம் ஏற்பதற்கில்லை. எனினும் நாளந்தாவில் நடந்தது வேறு.

தாயகம் திரும்புவதா, தங்குவதா என்று அவர் கலங்கியிருந்த நாளில், வஜ்ரர் என்னும் திகம்பர முனிவர் ஒருவர் அவர் அறைக்குள் வந்தார். நிர்க்கிரந்தர் நிமித்தம் வல்லவர் எனக் கேட்டிருந்த யுவான் சுவாங், வந்தவரை இருக்கச் செய்து தம் ஐயத்தைக் கேட்டார். முனிவர் வெண்கல்லொன்றை எடுத்துத் தரையிற் கோடு கிழித்துக் கணித்தார். தங்கினால் மிக நன்று. சென்றாலும் நலமாக ஊர் சேர்வீர் என்றார். ஆயுள் இன்னும் பத்தாண்டு; நல்வினையால் நீளுமாயின் அது தம் கணிப்புக்கு அப்பாற்பட்டது என்றார். இத்தனை நூல்களையும் திருவுருவங்களையும் எவ்வாறு கொண்டு செல்வேன் எனக் கேட்டபோது, ஹர்ஷரும் காமரூபத்துக் குமார அரசனும் ஆளனுப்பித் துணைசெய்வர், குமாரனின் தூதர் இரண்டு மூன்று நாளில் வருவர் என்றார். நிமித்தம் கூறி வாழ்தல் நம் துறவோர்க்கு விலக்கப்பட்டது. வேற்றுச் சமயத்து அயல்நாட்டாரின் கவலை தீர்க்கக் கூறியதாகவே நாம் இதனைக் கொள்கிறோம்.

தூதர் அவ்வாறே வந்தனர். இரு மன்னரும் அவரைப் போற்றினர். ஹர்ஷர் வழித்துணையும் தந்தார். திரும்பும் வழியில் மூன்றாண்டு தங்குவதாகத் துர்பான் மன்னனுக்கு அளித்த வாக்கை மட்டும் அவரால் நிறைவேற்ற இயலவில்லை. மன்னன் இறந்துவிட்டான், 640-இலேயே அந்நாடு சீனத்தின் வசமாயிற்று. 645-இல், 657 நூல்களை இருபது குதிரைகளிற் சுமத்திக்கொண்டு, யுவான் சுவாங் சாங்கான் நகரை அடைந்தார். தடையை மீறிச் சென்றவரைப் பேரரசர் மன்னித்து வரவேற்றார்.

வஜ்ர முனிவரின் பெயர் நம் ஏடுகளில் இல்லை. யுவான் சுவாங்கின் மாணாக்கர் ஹுய்லி எழுதிய வரலாற்றில் இருக்கிறது. அவர் கணித்த பத்தாண்டு கடந்தும் யுவான் சுவாங் வாழ்ந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மொழிபெயர்ப்பிலேயே ஈடுபட்டு, 664-இல் மறைந்தார்.